காலி என்று எழுதிய தொட்டி

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டவை இரண்டு எண்கள். ஒன்று இருபதரை. இன்னொன்று இருபத்திரண்டரைக்குச் சற்றுக் குறைவு. ஒரே கப்பல் ஒரே நாளில் எரித்த எண்ணெயின் அளவு, டன்னில். முதல் எண், போன மாதம் புதிதாகப் பொருத்திய மீட்டர் சொல்வது. இரண்டாவது, கப்பலின் தலைமைப் பொறியாளர் நாள்தோறும் நண்பகலில் எழுதி அனுப்புவது. அந்தத் தலைமைப் பொறியாளர் அவளுடைய கணவர்.

அவளும் இயந்திர அறையில் எட்டு வருடம் வியர்வை சிந்தியவள்தான். ஒரு சரக்குக் கப்பலில் அவள் மூன்றாம் பொறியாளர், அவர் இரண்டாம் பொறியாளர். அங்கேதான் பழக்கம், பிறகு கல்யாணம். மகள் பிறந்த பிறகு யாராவது ஒருவர் கரையில் இருந்தாக வேண்டும் என்று ஆனது. கப்பல் கம்பெனி அலுவலகத்தில் அவளுக்கு நாற்காலி கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. ஆறு கப்பல்களும் எவ்வளவு எரிக்கின்றன, எவ்வளவு ஓடுகின்றன, எங்கே வீணாகிறது என்று பார்ப்பது அவள் வேலை. கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் அவர் அவளை ‘தேர்டு’ என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை ‘செகண்டு’ என்பாள். இடையில் அவர் சீஃப் ஆகிவிட்டார். வீட்டில் மட்டும் அந்தப் பதவி உயர்வு கிடைக்கவே இல்லை.

அவருடைய கப்பல் ஆறில் மூத்தது. அலுவலகத்தில் எல்லோரும் அதை ‘ஆமை’ என்பார்கள். மூக்கு மழுங்கிய, அகலமான உடம்பு. சிமென்ட், தானியம், உரம் என்று எதைக் கொட்டினாலும் முகம் சுளிக்காமல் சுமந்துகொண்டு போகும்.

“என்னம்மா, ஆமை எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே மேலாளர் வந்தார். ஒரு காலத்தில் கேப்டனாக இருந்தவர். மூடிய அறையில்கூடப் புயற்காற்றை எதிர்த்துப் பேசுகிற குரலில்தான் பேசுவார்.

“மீட்டருக்கும் ரிப்போர்ட்டுக்கும் ரெண்டு டன் வித்தியாசம் வருது சார். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும்.”

“மீட்டர்தான் கோளாறா இருக்கும். போன மாசம் வந்த டப்பா அது. உன் வீட்டுக்காரர் இருபது வருஷமா மெஷினோட குடித்தனம் நடத்துறவர். அவர் எழுதுறதா தப்பா இருக்கும்?”

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை முதலாளிங்களுக்குப் பட்டியல் அனுப்பணும்” என்றார் மேலாளர், வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்தி. “ஆறுல ஒண்ண பழைய இரும்புக்கு உடைக்க அனுப்பிரலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. ரிப்போர்ட்டப் பாத்தா ஆமைதான் அதிகமா குடிக்குது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, என்ன பண்றது? நாளைக்கு அது துறைமுகத்துக்கு வருது. நீயே போய் மீட்டரப் பாத்து, கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துரு. வீட்டுக்காரரையும் பாத்த மாதிரி இருக்கும்.”

அவர் போன பிறகு அவள் கடந்த ஒரு மாதத்தின் எண்களை எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். கடல் அமைதியாக இருந்த நாளிலும் வித்தியாசம் ஒன்று புள்ளி ஒன்பது டன். அலை அடித்த நாளிலும் ஒன்று புள்ளி ஒன்பது. கெட்டுப்போன மீட்டர் ஒரு நாள் கூட்டிக் காட்டும், ஒரு நாள் குறைத்துக் காட்டும். இத்தனை ஒழுங்காகப் பிழை செய்யாது. பிறகு எண்ணெய்த் தொட்டிகளின் பட்டியலைத் திறந்தாள். மூன்றாம் எண் இடப்பக்கத் தொட்டிக்கு நேரே ‘காலி, சுத்தம் செய்ய வேண்டும்’ என்று இருந்தது. போன வாரமும் அதே வரி. அதற்கு முந்தைய மாதமும் அதே வரி. இயந்திர அறையில் ஓர் அழுக்குத் துணி கிடந்தால்கூடப் பொறுக்காத மனிதர், ஒரு தொட்டியை இரண்டு மாதம் அழுக்காகவே போட்டு வைப்பாரா?

மீட்டர் சொல்வதை வைத்துக் கணக்கிட்டால் சுமக்கிற சரக்குக்கு ஆமை எரிக்கும் எண்ணெய் மிகவும் குறைவு. ஆறு கப்பல்களில் சிக்கனத்தில் அதற்கு இரண்டாவது இடம். உடைக்க அனுப்ப வேண்டிய கப்பலே இல்லை அது. அதில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

அன்று மாலை மகளைக் கூட்டிவர நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அதே கட்டடத்தில் கீழ்த்தளம்தான். நாத்தனார் துணிகளை மடித்துக்கொண்டே, தினமும் சொல்கிற கேலியை அன்றும் சொன்னாள்.

“வாங்க அண்ணி. எங்க அண்ணன் இன்னிக்கு எத்தன தடவ தும்முனார்னு அந்தப் பொட்டியில தெரிஞ்சுதா? அவர வேவு பாக்கத்தானே உங்களுக்கு அங்க நாற்காலி போட்டிருக்காங்க?”

மற்ற நாளாக இருந்தால் அவளும் ஏதாவது பதிலுக்குச் சொல்லிச் சிரித்திருப்பாள். அன்று அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. “தலைவலிம்மா” என்று சொல்லி மகளின் பையைத் தூக்கிக்கொண்டாள்.

மாடிக்கு வந்த சிறிது நேரத்தில் கப்பலிலிருந்து அவர் போன் வந்தது. மகள் முதலில் பேசினாள். பள்ளியில் தன்னைக் கடைசி வரிசைக்கு மாற்றிய அநியாயத்தைப் பத்து நிமிடம் விளக்கினாள். பிறகு போன் அவள் கைக்கு வந்தது.

“செகண்டு, ஒண்ணு கேக்கணும். மூணாம் நம்பர் இடப்பக்கத் தொட்டிய இன்னுமா சுத்தம் பண்ணல?”



“ஆளும் இல்ல, நேரமும் இல்ல” என்றார். “அத ஏன் இப்பக் கேக்கற?”

“நாளைக்கு நான் கப்பலுக்கு வரேன்.”

“நீயா? எதுக்கு?”

“மீட்டரச் சோதிக்க.”

“மீட்டரயா, என்னையா?”

“ரெண்டையும்தான்” என்றாள் அவள்.

மறுநாள் பிற்பகல், வெயில் இரும்பைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கப்பலின் ஏணியில் ஏறினாள். மேலே கேப்டன் நின்றிருந்தார். இதமாகப் பேசுகிற மெலிந்த மனிதர்.

“வாங்கம்மா. நாலு மாசம் கழிச்சுப் பொண்டாட்டி வராங்க, சீஃப் குதிச்சுக்கிட்டு இருப்பார்னு பாத்தா, மனுஷன் காலையிலேருந்து ஒரு வாய் சாப்பிடல. என்ன சண்டை?”

“இன்னும் ஆரம்பிக்கல கேப்டன்” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

இயந்திர அறையின் மணம் மூக்கில் ஏறியதும் அவள் தோள்கள் தாமாக நிமிர்ந்தன. சூடான எண்ணெய், பெயின்ட், உலோகம். பெரிய இயந்திரம் நின்றிருந்தது. துணை இயந்திரம் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தரை துடைத்த தட்டைப் போலப் பளிச்சென்று இருந்தது. கட்டுப்பாட்டு அறை வாசலில் அவர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். காதோரம் நரை கூடியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஓர் இளம் பொறியாளர் இருந்ததால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை.

“மொதல்ல டீ குடி” என்றார் அவர்.

“மொதல்ல அளவு நாடா குடுங்க.”

மீட்டரை முக்கால் மணி நேரம் சோதித்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய இரும்பு நாடாவை எடுத்துக்கொண்டு இடப்பக்க நடைபாதைக்குப் போனாள். அவர் பின்னாலேயே வந்தார். மூன்றாம் எண் தொட்டிக்குப் போகும் நீராவிக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கெட்டி எண்ணெய் உறைந்துவிடாமல் இருக்கத்தான் தொட்டியைச் சூடேற்றுவார்கள்; காலித் தொட்டியை யாரும் சூடேற்றுவதில்லை. ஆனாலும் அளவுக்குழாயின் மூடியைத் திருகித் திறந்து குண்டை உள்ளே இறக்கினாள். வழியில் நாடா கனம் குறைந்து மெதுவானது. அடியைத் தொட்டதும் மேலே இழுத்தாள். கீழேயிருந்து இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் வரை நாடா கரிய எண்ணெயில் மின்னியது.

“காலித் தொட்டி நல்ல ஆழமா இருக்கு” என்றாள்.

அவர் இடுப்பில் செருகியிருந்த துடைப்புத் துணியை உருவி நீட்டினார். அவள் நாடாவைத் துடைத்துச் சுருட்டினாள்.

அவருடைய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது அவர்தான் தொடங்கினார்.

“அறுபத்தோரு டன். ஒரு சொட்டு வெளிய போகல. வித்துட்டேன்னு நினைச்சியா?”

“அப்படி நினைச்சிருந்தா நாடாவக் கேட்டிருக்க மாட்டேன். நேரா மேனேஜர்ட்டப் போயிருப்பேன்.”

“அப்ப, எதுக்கு வச்சிருக்கேன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும். நானும் அந்தக் கப்பல்லதானே இருந்தேன்.”

பதினோரு வருடத்துக்கு முன் நடந்தது அது. அப்போது இவர்களுக்குக் கல்யாணமாகவில்லை. மூன்று நாள் எதிர்க்காற்று. கப்பல் முக்கி முக்கி நகர்ந்தது, எண்ணெய் கரைந்துகொண்டே போனது. நான்காம் நாள் காலை தொட்டியின் அடி வண்டல் எல்லாம் ஏறி வடிகட்டிகளை அடைத்தது. இயந்திரம் நின்றுபோயிற்று. காற்று கப்பலைப் பாறைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது. நாலரை மணி நேரம் இவர்கள் இருவரும் மாறி மாறி வடிகட்டியைக் கழற்றினார்கள், கழுவினார்கள், மாட்டினார்கள், மறுபடியும் அடைத்துக்கொண்டது. அவள் இடதுகை விரல்கள் வெந்து கொப்புளித்தன. கடைசியாக இயந்திரம் உயிர்பெற்றபோது, மேல்தளத்தில் இருந்தவர்களுக்குப் பாறையில் அலை மோதுகிற சத்தம் கேட்கிற தூரம்தான் மிச்சம். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் விளையாட்டாகத்தான் பேசியிருக்கிறார்கள். எங்கள் காதலுக்கு வடிகட்டிதான் சாட்சி என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்வார்.

இப்போது அவர் சிரிக்கவில்லை. “அன்னிக்கே முடிவு பண்ணேன். என் கையில ஒரு மெஷின் இருக்கிற வரைக்கும் எண்ணெய் இல்லன்னு அது நிக்கக் கூடாது. ஆபீஸ்ல வரைபடத்தப் பாத்து, இத்தன நாள், இத்தன டன், போதும்னு ஊத்தறீங்க. காத்து உங்க வரைபடத்தப் படிச்சுட்டா வீசுது? கூட ஒரு பத்து டன் கேட்டா எட்டு பேர் கேள்வி கேக்கறாங்க. அதான் தினம் கொஞ்சம் கூட்டி எழுதினேன். மிச்சத்த இந்தத் தொட்டியில சேத்தேன்.”

“அன்னிக்கு எண்ணெய் ஏன் தீந்துச்சு, சொல்லுங்க.”

“காத்து.”

“காத்து மட்டுமில்ல. அந்த சீஃப் நாப்பது டன் இருக்குன்னு எழுதி வச்சிருந்தார். இருந்தது பதினஞ்சு. அந்த நாப்பத நம்பித்தான் கேப்டன், வழியில இருந்த துறைமுகத்துல நிக்காம நேரா போனார். உண்மைய எழுதியிருந்தா முந்தின நாளே போய் எண்ணெய் ஊத்தியிருப்போம். பாறையும் இல்ல, கொப்புளமும் இல்ல. அவர் இல்லாதத இருக்குன்னு எழுதினார். நீங்க இருக்கிறத இல்லன்னு எழுதறீங்க.”

“ரெண்டும் ஒண்ணா?”

“அதப் படிக்கிறவனுக்கு ஒண்ணுதான்.”

அவர் எழுந்து சின்ன ஜன்னலருகே போனார். வெளியே கிரேன் ஒன்று தன் கையை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது.

“இந்தக் கப்பல உடைக்க அனுப்பப் போறாங்க” என்றாள் அவள்.

அவர் வெடுக்கென்று திரும்பினார். “எத?”

“இதத்தான். எல்லாத்தையும் விட அதிகமா குடிக்குதாம். வெள்ளிக்கிழமை பட்டியல் போகுது.”

“இதா அதிகமா குடிக்குது?” அவர் குரல் உயர்ந்தது. “போன வருஷம் டர்போவ மொத்தமாக் கழட்டிச் சுத்தம் பண்ணேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணெய் பீச்சற நேரத்த அரை டிகிரி அரை டிகிரியா நகத்தி ரெண்டு மாசம் பாத்தேன். புதுசா இருந்தப்பக்கூட இது இவ்வளவு கொஞ்சமா எரிச்சதில்ல தெரியுமா? ஒரு நாளைக்கு வெறும் இருபதர...”

பாதியில் நின்றுவிட்டார்.

“அந்த இருபதரைய நீங்க யார்கிட்டயுமே சொல்லலயே” என்றாள் அவள் மெதுவாக.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். இருபத்திரண்டு பேரின் பெயரும் முகமும் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் தோளில் கைவைத்தாள்.

“மீட்டர் சரியா இருக்குன்னு நான் எழுதிக் குடுக்கணும். குடுத்தா அடுத்த கேள்வி உங்களுக்குத்தான். அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லித்தான் ஆகணும்.”

“இத என் பொண்டாட்டி சொல்றாளா, ஆபீஸ் சொல்லுதா?”

“ரெண்டு பேரும் இல்ல. தேர்டு சொல்றா.”

அவர் நீளமாக மூச்சுவிட்டார். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, கேப்டனின் அறைக்குத் தனியாகவே படியேறிப் போனார்.

புதன்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையில் அவர் அலுவலகத்துக்கு வந்தார். அவள் தன் அறிக்கையோடு பக்கத்தில் நின்றாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அடுத்த நிமிடம் மேலாளரின் குரல் அந்தத் தளம் முழுக்கக் கேட்டது.

“அறுபத்தோரு டன்னா! கப்பலுக்குள்ள கப்பல் ஓட்டிக்கிட்டு இருந்தியாய்யா? நான் உன்ன நம்பி, மீட்டர் கம்பெனிக்காரனத் திட்டிக் கடிதம் எழுதி வச்சிருக்கேன்!”

“தப்புதான் சார்.”

“தப்புன்னா ஆச்சா? முதலாளிங்ககிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?”

“என் பேரச் சொல்லுங்க. பொய் எழுதினது நான். கப்பல் எழுதல. அத உடைக்க அனுப்பாதீங்க.”

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். அந்த இடைவெளியில் அவள் தன் தாள்களை மேசைமேல் பரப்பினாள். ஆறு கப்பல்களின் உண்மைக் கணக்கு ஒரு தாளில். இன்னொரு தாளில் ஒரு யோசனை: ஒவ்வொரு பயணத்துக்கும் அவசரக் கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்பதைக் கப்பலின் கேப்டனும் சீஃப்பும் முடிவு செய்யட்டும். அது வெளிப்படையாகவே அறிக்கையில் இருக்கட்டும். அவர்கள் இருவரும் கையெழுத்துப் போடாமல் அலுவலகம் அதில் ஒரு டன்கூடக் குறைக்கக் கூடாது.

“நாம கொடுக்க மாட்டோம்னு பயந்துதான் சார் ஒளிச்சு வைக்கறாங்க” என்றாள். “ஒளிச்சு வச்சதால நமக்கு எந்தக் கப்பல் நல்லா ஓடுது, எது ஓடலன்னே தெரியல. நல்லா ஓடறத உடைக்கப் பாத்தோம்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. “நான் கேப்டனா இருந்தப்ப என் சீஃப்பும் வச்சிருந்தார்” என்றார் கடைசியில், அவரால் முடிந்த அளவு சின்னக் குரலில். “எனக்குத் தெரியும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. நல்லாத் தூக்கம் வந்துச்சு அப்ப.”

சும்மா விட்டுவிடவில்லை. சீஃப்புக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருடச் சம்பள உயர்வும் போயிற்று. ஆமையின் கணக்கைப் பார்க்கும் வேலையை அவளிடமிருந்து எடுத்துப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தார்கள். கணவரின் கப்பலை மனைவி அளப்பது சரியில்லை என்றார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. முன்பே கேட்டிருக்க வேண்டும் என்றுகூட நினைத்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை முதலாளிகளுக்குப் போன கடிதத்தில் உடைக்க வேண்டிய கப்பலின் பெயர் இல்லை. மூன்று மாத அவகாசம் கேட்டிருந்தார் மேலாளர்.

நாத்தனாருக்கு விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே மாடியேறி வந்தாள். “அண்ணன் போன்ல எல்லாம் சொன்னார். ரெண்டு மாசமா சரியாத் தூக்கமே இல்லையாம், இப்பத்தான் தூங்கறாராம். நல்லாத்தான் வேவு பாத்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, சொன்னது கேலியா பாராட்டா என்று தெரியாமல் தானே சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஆறு கப்பல்களுக்கும் சுற்றறிக்கை போனது. இனிக் கையிருப்பை வெளிப்படையாக வைத்துக்கொள்ளலாம். பதினைந்து நாளுக்குள் தொட்டிகளை மறுபடி அளந்து அனுப்புங்கள்; கூடுதலாக இருந்தால் ஏன் என்று கேட்கமாட்டோம். ஐந்து நாள் ஒரு சத்தமும் இல்லை. தூண்டில் போட்டுவிட்டோம் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது என்றார் மேலாளர். ஆறாம் நாள் முதல் செய்தி வந்தது. மறு அளவீட்டில் பதினான்கு டன் கூடுதல், கப்பலின் சாய்வைக் கணக்கிட்டதில் நேர்ந்த பிழை. அதற்கு மறுநாள் இன்னொரு கப்பலில் முப்பத்து மூன்று டன், வெப்பநிலைத் திருத்தம் விட்டுப்போயிற்று. பிறகு இருபத்தேழு டன், நாடா பழையது. நான்காவது கப்பலில் நாற்பத்தெட்டு டன். அதற்கு மட்டும், ‘காரணம் தங்களுக்குத் தெரிந்ததே’ என்று எழுதியிருந்தது.

மேலாளர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “நம்மகிட்ட ஒரு எண்ணெய்க் கிணறே இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியல! இந்தக் கடைசி ஆளுக்கு ஒரு பரிசு குடுக்கணும்யா.”

மிச்சமிருந்த கப்பலின் சீஃப், தன்னிடம் கூடுதலாக ஒன்றுமில்லை என்றும், இவ்வளவு நாள் இதைப் பற்றி யோசிக்காமல் இருந்ததை எண்ணி வெட்கப்படுவதாகவும் எழுதியிருந்தார்.

எண்கள் உண்மையானதும் மற்றதெல்லாம் தெளிந்தது. ஆமை அடித்துப் பிடித்து ஓடிவந்து, துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் வெளியே இரண்டு நாள் நங்கூரம் போட்டு நிற்பது வழக்கம். இப்போது பக்கத்து மேசைக்காரர், இடம் எப்போது கிடைக்கும் என்று துறைமுகத்தைக் கேட்டு முன்னாலேயே கப்பலுக்குச் சொன்னார். மணிக்குப் பன்னிரண்டு கடல்மைல் வேகத்தைக் கேப்டன் பதினொன்றாகக் குறைத்தார். வேகத்தில் ஒன்றுதான் குறைந்தது, எண்ணெயில் கால்வாசி குறைந்தது. இருபதரை பதினாறுக்கு வந்து நின்றது.

இரண்டாம் மாதம் ஒரு பயணத்தில் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கப்பல் தவழ்ந்தது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை; கேட்கவும் உரிமையில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நண்பகல் அறிக்கை வந்ததும் பக்கத்து மேசைக்காரர் ஒன்றும் சொல்லாமல் தன் திரையை அவள் பக்கம் திருப்பிவைத்தார். மீட்டர் இருபத்து மூன்று புள்ளி எட்டு. அறிக்கை இருபத்து மூன்று புள்ளி எட்டு. கீழே, அவசரக் கையிருப்பு எழுபது டன்னில் இருபத்திரண்டு எடுத்தாயிற்று, நாற்பத்தெட்டு மீதம், எல்லோரும் நலம் என்று அவர் எழுதியிருந்தார். அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குப் பசித்தது.

மூன்று மாதம் முடிந்தபோது முதலாளிகள் எந்தக் கப்பலையும் உடைக்க அனுப்பவில்லை. ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்கள். ஆமையை மட்டும் உலர்துறையில் ஏற்றி, அடிப்பாகம் முழுவதையும் சுரண்டிச் சுத்தம் செய்து புதுப் பெயின்ட் அடிக்க ஒப்புக்கொண்டார்கள். அத்தனை செலவு செய்த கப்பலை அவ்வளவு சீக்கிரம் உடைக்கமாட்டார்கள் என்று மேலாளர் அவளிடம் கண்ணைச் சிமிட்டினார்.

வேலை முடிகிற நாளில் குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று கேப்டன் சொல்லியனுப்பியிருந்தார். மகளும் நாத்தனாரும் அவளோடு வந்தார்கள். பெரிய கான்கிரீட் பள்ளத்துக்குள் மரக்கட்டைகளின் மேல் கப்பல் உட்கார்ந்திருந்தது. படிகளில் இறங்கி அடியில் போய் நின்றபோது, சிவப்புப் பெயின்ட் அடித்த வயிறு தலைக்கு மேலே ஒரு தெருவின் நீளத்துக்கு விரிந்திருந்தது. நாத்தனார் வாயில் கைவைத்துக்கொண்டாள்.

“இவ்வளவு பெரிசா! இதயா உடைக்கப் பாத்தாங்க? மனசு எப்படி வந்துச்சு?”

பின்புறத்தில் கப்பலைத் தள்ளும் சுழலி பளபளவென்று தேய்க்கப்பட்டு மஞ்சளாக மின்னியது. அவர் மகளின் கையைப் பிடித்து அதன் ஓர் இதழின் ஓரத்தைத் தொடச் செய்தார்.

“அப்பா, இதுல ஏன் இவ்வளவு வழவழப்பு?”

“சொரசொரப்பா இருந்தா தண்ணி பிடிச்சு இழுக்கும்மா. அத இழுத்துக்கிட்டே போக வீணா எண்ணெய் எரியும்.”

“அப்ப தினமும் தேய்க்க வேண்டியதுதானே?”

“தண்ணிக்குள்ள இருக்கே. யார் போய்த் தேய்க்கிறது?”

மகள் சுழலியை அண்ணாந்து பார்த்தாள். “மீனுக்கு யாராவது சொல்லிக் குடுக்கணும்” என்றாள்.

எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிச் சங்கு ஊதினார்கள். மதகைத் திறந்ததும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தது. விளிம்புச் சுவரில் சாய்ந்து நின்று அவர்கள் பார்த்தார்கள். தண்ணீர் மரக்கட்டைகளை மூடியது, சுழலியை மூடியது, சிவப்பு வயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, யாரும் தொடாமலே, அவ்வளவு பெரிய கப்பல் மெல்ல அசைந்தது. மிதக்கிறது என்று யாரோ கத்தினார்கள். அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, எங்காவது தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க ஏணியை நோக்கி ஓடினார். அவள் மகளைத் தூக்கிச் சுவரின் மேல் உட்காரவைத்து, இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.